முடி உதிர்க்கும் பிராணிகள், முற்றம் வைத்த வீடு, ஒரு ரோபோ வாக்குவம்

தரையில் தானே ஓடித் தூசியையும் முடியையும் உறிஞ்சும் ரோபோ வாக்குவத்தை ஓடவிடுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை ஃபேனை நிறுத்துவது. நாயோ பூனையோ வளர்க்கும் வீட்டில் இதைச் செய்யாவிட்டால் எவ்வளவு விலையுள்ள இயந்திரம் வாங்கினாலும் பலன் பாதிதான். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளில் பங்குனி பிறந்துவிட்டால் ஃபேன் நிற்பதே இல்லை. சுற்றுகிற ஃபேனுக்குக் கீழே முடி தரையில் தங்காது. சுவரோரம் ஒதுங்கும், பீரோ காலைச் சுற்றிச் சுருளும், யாராவது கதவைத் திறந்தால் நடுக்கூடத்துக்கே திரும்பி வரும். ரோபோ ஒரு வரிசையை முடித்துத் திரும்புவதற்குள் அது பெருக்கிய இடத்தில் புது முடி வந்து உட்கார்ந்திருக்கும். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, 15 நிமிடம் விட்டால் மிதப்பதெல்லாம் தரையில் படியும். அதன் பிறகு ஓடவிட்டுப் பாருங்கள். குப்பைப் பெட்டியில் சேரும் முடியின் அளவே வித்தியாசத்தைக் காட்டும்.

இரண்டாவது, எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வது. ஒரு வாரமாகச் சேர்ந்த முடியை ஒரே நாளில் அள்ளும் கருவி அல்ல இது. அப்படிப் பயன்படுத்தினால் பிரஷ் சிக்கிப் பாதியில் நிற்கும். முடி சேரவே விடாமல் தினமும் ஒரு முறை ஓடுவதில்தான் இதன் அருமை இருக்கிறது. பூந்துடைப்பம் கனமான குப்பையைத் தள்ளும், ஆனால் பஞ்சு போன்ற உள்முடியைக் கிளப்பிவிடும். ரோபோ அதை இருந்த இடத்திலேயே உறிஞ்சிக்கொள்ளும். பதிலுக்கு அது நம்மிடம் கேட்பது தினமும் ஐந்து நிமிடம். தரையிலிருந்து முடியை எடுப்பது இயந்திரத்தின் வேலை, இயந்திரத்திலிருந்து முடியை எடுப்பது நம் வேலை. ஆறே மாதத்தில் ரோபோ பழுதாகிற வீடுகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலைதான் நடந்திருக்காது.

எல்லா முடியும் ஒன்றல்ல. நாட்டு நாய், ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்றவற்றின் முடி குட்டையாக, ஊசி மாதிரி விறைப்பாக இருக்கும். பிரஷில் அதிகம் சுற்றாது. பாயிலும் சோபாத் துணியிலும் குத்திக்கொண்டு நிற்கும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், நாம் பொமரேனியன் என்று கூப்பிடும் ஸ்பிட்ஸ் ஆகியவற்றுக்கு இரட்டைப் போர்வை: வெளியே தடித்த முடி, உள்ளே பஞ்சு. அந்தப் பஞ்சுதான் ஃபில்டரை அடைப்பது. பூனை முடி மெல்லியது. தோல் பொடுகும் காய்ந்த எச்சிலும் அதோடு சேர்ந்து வரும். பூனையால் தும்மலும் இழுப்பும் வருகிறவர்களுக்கு எதிரி முடியைவிட அந்தப் பொடுகும் எச்சிலும்தான்.

குளிர்நாடுகளில் பகல் நீளம் மாறும்போது இரட்டைப் போர்வை நாய்கள் ஆண்டுக்கு இரண்டு முறை மொத்தமாக முடி உதிர்க்கும். தஞ்சாவூர் வட அட்சரேகை 11 பாகைக்கு அருகில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். வீட்டுக்குள் ராத்திரி பத்து மணி வரை விளக்கும் எரிகிறது. ஆகவே இங்கே வளரும் லாப்ரடார் ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கும். "சீசன் முடிந்ததும் குறைந்துவிடும்" என்று காத்திருப்பதில் பயனில்லை.

வீட்டைத் தயார் செய்வது

ரோபோக்கள் பெரும்பாலும் 35 செ.மீ. அகல வட்டம். தலையில் லேசர் கோபுரம் உள்ளவை 9.5 முதல் 10 செ.மீ. உயரம் இருக்கும். கட்டில், பீரோ, பழைய பத்தாயம், மர பெஞ்சு என்று முடி ஒதுங்குகிற இடங்களின் அடியை வாங்குவதற்கு முன்பே ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 11 செ.மீ. இடைவெளி இருந்தால் தாராளம். சரியாக 10 என்றால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். அந்தப் பீரோவின் காலுக்கு அடியில் 2 செ.மீ. கட்டை கொடுப்பது மலிவான தீர்வு.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் பெரிய சிக்கல் நிலைப்படி. பொதுவாக ரோபோ 2 செ.மீ. வரை ஏறும். நிலைப்படிகளோ நான்கு விரற்கடை, ஆறு விரற்கடை என்று நிற்கின்றன. 3 முதல் 5 செ.மீ. உயரமுள்ள படிக்கு மரத்தில் சரிவுப் பலகை செய்யலாம். 1 செ.மீ. உயரத்துக்கு 5 செ.மீ. நீளம் என்ற கணக்கில் செய்தால் சக்கரம் வழுக்காது, 4 செ.மீ. படிக்கு 20 செ.மீ. நீளம், அகலம் 45 செ.மீ.க்குக் குறையக் கூடாது. படிக்கு இரண்டு பக்கமும் பலகை வேண்டும், இல்லாவிட்டால் போன ரோபோ திரும்பி வராது. அதைவிட உயரமான படிகளை விட்டுவிடுங்கள். மஞ்சள் குங்குமம் வைக்கிற பூஜை அறை நிலைப்படி மேல் பலகை போடுவதை வீட்டுப் பெரியவர்கள் ஒப்ப மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ரோபோவின் எடை மூன்று நான்கு கிலோதான். கையில் தூக்கி அடுத்த அறையில் வைத்துப் பட்டனை அழுத்தினால் அந்த அறையை முடித்துவிட்டு அங்கேயே நிற்கும்.

முற்றம் வைத்த வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். தாழ்வாரத்திலிருந்து முற்றம் அரை அடி, ஓரடி தாழ்ந்திருக்கும். ரோபோவின் அடியில் நான்கு முதல் ஆறு சிறு ஜன்னல்கள் இருக்கும். பள்ளத்தைக் கண்டறியும் சென்சார்கள் அவை. அகச்சிவப்பு ஒளியைக் கீழே அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புகிறதா என்று பார்க்கின்றன. ஒளி திரும்பாவிட்டால் பள்ளம் என்று எடுத்துக்கொண்டு ரோபோ பின்வாங்கும். சென்சார் சுத்தமாக இருக்கும்வரை முற்றத்தின் ஓரத்தில் நின்று திரும்பிவிடும். ஆனால் மழைச்சாரலில் நனைந்த ஓரத்தில் சக்கரம் வழுக்கினால் சென்சார் என்ன செய்யும்? ஆப்பில் முற்றத்தின் விளிம்பிலிருந்து 20 செ.மீ. தாழ்வாரப் பக்கம் தள்ளித் தடைக்கோடு போடுங்கள். ஆப் வசதி இல்லாத மாடல் என்றால் ஒரு நீளப் பலகையைக் குறுக்கே சாத்திவைத்தால் போதும். உச்சி வெயில் முற்றம் வழியாகத் தரையில் நேராக விழும் நேரத்தில் சில மாடல்களின் சென்சார் குழம்பும். காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலையிலோ ஓடவிடுவது நல்லது.

அதே சென்சார் கடப்பாக் கல் பதித்த தரையில் வேறு விதமாக ஏமாறும். கறுப்புக் கல் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால் சமதரையையே பள்ளம் என்று நினைத்து ரோபோ ஓரத்திலேயே தடுமாறும். சென்சார் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. முற்றமும் திண்ணையும் உள்ள வீட்டில் அதைச் செய்யவே செய்யாதீர்கள், ரோபோ நேராகப் போய் விழும். கறுப்புக் கல் இருக்கும் பகுதியைத் துடைப்பத்துக்கு விட்டுவிடுவதுதான் சரி. பழைய சிவப்பு ஆக்சைடு தரையிலும் மொசைக்கிலும் இந்தத் தொல்லை பொதுவாக வருவதில்லை.

தரையில் கிடப்பவற்றில் ரோபோவுக்குப் பெரிய ஆபத்து கொசுவலையின் தொங்கும் விளிம்பு. அது பிரஷில் ஒருமுறை ஏறினால் வலையும் கிழியும், பிரஷ் மோட்டாரும் திணறும். கோரைப் பாயைச் சுருட்டி நிறுத்திவிட வேண்டும், அதன் ஓரக் கோரை பிரிந்து பிரஷில் ஏறும். பூஜை அறைக்குள் ரோபோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருநீறும் கோலமாவும் பொடியாக இருப்பவை. இரண்டு நாளில் ஃபில்டரை அடைத்துவிடும். குத்துவிளக்கிலிருந்து சொட்டிய எண்ணெயில் சக்கரம் பட்டால் வீடு முழுக்கக் கோடு இழுக்கும். நாய் தட்டைச் சுற்றி அரை மீட்டர் தடைக்கோடு போட வேண்டும். தட்டிலிருந்து சிதறும் தீனி உள்ளே போனால் மறுநாள் காலை எறும்புச் சாரை குப்பைப் பெட்டிக்கு வழி கண்டுபிடித்திருக்கும்.

பூனைக்கு மலம் கழிக்க ஆற்று மணல் நிரப்பிய தட்டு வைக்கும் வீடுகள் இங்கே நிறைய. மணல் பிளாஸ்டிக்கையும் மோட்டார் விசிறியையும் அரம் போல அராவும். கடையில் வாங்கும் கட்டியாகிற மண்ணோ ஈரக் காற்றில் உள்ளே இறுகிவிடும். இரண்டுக்கும் ஒரு மீட்டர் தூரம் விடுங்கள்.

பிரஷைக் கழற்றிப் பார்ப்பது

தினமும் செய்ய வேண்டியது குப்பைப் பெட்டியைக் காலி செய்து, ஃபில்டரைத் தட்டி, பிரஷை ஒரு பார்வை பார்ப்பது. பெட்டியின் கொள்ளளவு பெரும்பாலும் 300 முதல் 500 மி.லி. லாப்ரடார் இருக்கும் வீட்டில் ஒரே ஓட்டத்தில் அது நிரம்பும். நிரம்பிய பிறகும் ரோபோ ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் உறிஞ்சாது. அள்ளிய முடியை ஒரு உருளையாகச் சுருட்டி, சார்ஜ் செய்யும் இடத்தருகே கக்கிவிட்டு நிற்கும். முடி அதிகம் கொட்டும் நாட்களில் இரண்டு அறை முடிந்ததும் நிறுத்தி, காலி செய்துவிட்டுத் தொடருங்கள்.

வாரத்துக்கு இரண்டு முறை செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் நுணுக்கமானது. பழைய செய்தித்தாளை விரித்து, ரோபோவை அணைத்துக் கவிழ்த்து வையுங்கள். நடுவில் உள்ள பிரஷ் மேல் ஒரு பிளாஸ்டிக் கட்டம் இருக்கும், இரண்டு கொக்கியை அழுத்தினால் வந்துவிடும். பிரஷை வெளியே எடுத்ததும் நடுப்பகுதியில் சுற்றிய முடி கண்ணுக்குத் தெரியும். எல்லாரும் அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உண்மையான சிக்கல் இரண்டு முனையிலும் இருக்கிறது. ஒரு முனை சதுரமாக இருக்கும், மோட்டார் பிடிப்பது அங்கே. மறுமுனையில் உருண்டையாக ஒரு மூடி இருக்கும், அதைத் திருகியோ இழுத்தோ கழற்றலாம். கழற்றிப் பாருங்கள். முடி அங்கே இழை இழையாக இருக்காது. கம்பளி போல அமுங்கி, மோதிரம் மாதிரி ஒரு வளையமாக இறுகியிருக்கும். நகத்தால் எடுக்க முடியாத அளவு கெட்டி. தையல் பிரிக்கும் சிறு கொக்கியையோ நூல் வெட்டும் கத்தரியின் நுனியையோ வளையத்துக்குக் குறுக்கே நுழைத்து ஒரு வெட்டு வெட்டினால் திறந்துகொண்டு ஒரே துண்டாக வரும். கத்தியை அழுத்தி ரப்பர் இதழை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வளையத்தை விட்டுவைத்தால் முதலில் 'கீச்' என்ற ஓசை வரும். பிறகு உராய்வுச் சூட்டில் மூடியின் பிளாஸ்டிக் இளகி உருக்குலையும். அதற்கும் பிறகு பிரஷ் மோட்டார் அதிக மின்சாரம் இழுத்து, 'பிரஷ் சிக்கியுள்ளது' என்று ரோபோ நிற்கும். அந்த நிலையில் முடியை எடுத்தாலும் மோட்டார் பழையபடி ஆகாது.

அடுத்தது முன்பக்கத்துச் சின்னச் சக்கரம். இதுதான் அதிகம் மறக்கப்படும் பாகம், சிவப்பு ஆக்சைடு தரைக்கு அதிகக் கெடுதி செய்வதும் இதுதான். அதை நேராக மேலே இழுத்தால் கையோடு வரும். சக்கரத்தைத் தள்ளினால் நடுவே இருக்கும் இரும்புக் கம்பி வெளியே வரும். கம்பியைச் சுற்றி முடி இறுகியிருந்தால் சக்கரம் உருளாது, வழுக்கிக்கொண்டே போகும். சக்கரத்தில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், தேங்காயெண்ணெய் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய தரையில் வெளுத்த கீறல் விழும். அந்தத் தரையை இன்று அதேபோல் போட்டுத்தர ஆள் கிடைப்பது அரிது. வாரம் ஒரு முறை சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் இரண்டு மூன்று சுற்று சுற்ற வேண்டும்.

பக்கத்தில் சுழலும் மூன்று கால் பிரஷை ஒற்றை ஸ்க்ரூ பிடித்திருக்கும். மாதம் இரண்டு முறை கழற்றி, அடியில் உள்ள தண்டில் சுற்றிய முடியை எடுங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் இந்தப் பிரஷ் வேகமாகச் சுழன்றால் குட்டை முடியையும் தீனித் துகளையும் தூர வீசியடிக்கும். வேகத்தைக் குறைத்து, அமைதி நிலையில் ஓடவிட்டால் வீச்சு குறையும். "அதிக பவர்தான் நல்லது" என்று எப்போதும் உச்சத்தில் வைப்பவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கம்பளம் இல்லாத நம் தரைகளுக்கு உச்ச வேகம் தேவையே இல்லை.

ஃபில்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கழுவலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் கழுவுங்கள், சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில். முழுக்கக் காய 24 மணி நேரம் வேண்டும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் 48 மணி நேரம். ஈர ஃபில்டரைப் போட்டு ஓட்டினால் தூசியும் பொடுகும் சேறாகி அதன் கண்களை நிரந்தரமாக மூடிவிடும், வீடு முழுக்க நனைந்த நாயின் வாடையும் அடிக்கும். உச்சி வெயிலிலும் ஹேர் டிரையரிலும் காயவைத்தால் சட்டம் கோணும். இரண்டு ஃபில்டரை வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே வழி. பிராணிகள் உள்ள வீட்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிது போட வேண்டியிருக்கும்.

பருவத்துக்குப் பருவம்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் உள்முடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளி மணலும் அதோடு வீட்டுக்குள் வரும். அந்த மாதத்தில் வாசல் பக்கத்து அறையைக் கடைசியாக ஓடவிடுங்கள், மணல் மற்ற அறைகளுக்குப் பரவாது. குறுவை அறுவடை நடக்கும் புரட்டாசியிலும் சம்பா அறுவடை நடக்கும் தை மாசியிலும் வயலோர வீடுகளில் உமித்தூசியும் வைக்கோல் துணுக்கும் சேரும். வைக்கோல் துணுக்கு பிரஷில் குறுக்கே மாட்டினால் அதில் முடி ராட்டைக் கதிரில் நூல் சுற்றுவது போலச் சுற்றும். அறுவடை இயந்திரம் பக்கத்து வயலில் இறங்கிய நாளில் ரோபோவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, தென்னந்துடைப்பத்தால் ஒரு முறை பெருக்கிய பிறகு மறுநாள் ஓடவிடுவது நல்லது.

வடகிழக்குப் பருவமழையில் நாய் ஈரக்காலோடு உள்ளே வரும். ஈர முடியும் சேறும் உறிஞ்சு குழாயில் ஒட்டிக் காய்ந்தால் களிமண் பூசியதுபோல் இறுகும். தரை காய்ந்த பிறகே ஓடவிட வேண்டும். வாசலில் ஒரு பழைய துண்டு, நாயின் நான்கு பாதத்தையும் துடைக்க இரண்டு நிமிடம். இதற்கு மாற்று இல்லை. மழை நாட்களில் தேரை, சிறு தவளைகள் வீட்டுக்குள் வந்து கட்டிலடியில் ஒதுங்கும். ஓடவிடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள், அந்த உயிரும் பிழைக்கும்.

மாப் சேர்ந்த மாடல்கள் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: முடி கொட்டும் வீட்டில் உறிஞ்சுவதையும் துடைப்பதையும் ஒரே ஓட்டத்தில் செய்யக் கூடாது. ஈரத் துணி தப்பிய முடியைக் கயிறாகத் திரித்து, மூலையில் வைத்துவிட்டுப் போகும். முதல் ஓட்டம் உறிஞ்ச மட்டும், துணியை மாட்டி இரண்டாவது ஓட்டம் துடைக்க மட்டும். தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். கடலோரம் நெருங்க நெருங்க, நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கங்களில், உப்பும் கடினத்தன்மையும் அதிகம். துளைகளில் வெள்ளைப் படிவு அடைத்துக்கொள்ளும். ஆர்.ஓ. தண்ணீர் போதும்.

ஃபினாயிலைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. ரப்பரும் பம்பும் கெடுவது ஒரு காரணம். பெரிய காரணம் பூனை. ஃபினால் வகை வேதிப்பொருளை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே உடம்பில் சேரும். ரோபோ இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும். வேலைக்கு வரும் அக்காவிடம் இதை எடுத்துச் சொல்லி, ஃபினாயில் பாட்டிலைப் பூனை புழங்கும் அறைகளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அசம்பாவிதம்

நாய்க்குட்டி தரையில் கழித்துவிட்ட மலத்தின் மேல் ரோபோ ஏறினால், இரண்டு சக்கரமும் பிரஷும் சேர்ந்து அதை வீடு முழுக்கப் பூசிவிடும். கேமரா வைத்துத் தவிர்க்கும் மாடல்களும் மங்கிய வெளிச்சத்தில் தவறும். ஆகவே ராத்திரியில் தானாக ஓடும்படி நேரம் குறிக்காதீர்கள். நாயை வெளியே நடத்திக் கூட்டிவந்த பிறகு, வீட்டில் ஒருவர் இருக்கும்போது, தரையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு ஓடவிடுங்கள். வெளியே போகப் பழகாத குட்டி இருக்கும் வீட்டில் முதல் ஆறு மாதம் வேறு வழியில்லை, பட்டனைக் கையால்தான் அழுத்த வேண்டும்.

நடந்துவிட்டால் செய்ய வேண்டியது இது. உடனே அணைக்க வேண்டும். சார்ஜரில் கொண்டுபோய் வைக்கக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நாய் மலத்தில் கொக்கிப்புழு, உருண்டைப்புழு முட்டைகள் இருக்கலாம். பிரஷ், பக்கப் பிரஷ், முன்சக்கரம், கட்டம், குப்பைப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவலாம். பெட்டிக்குள் மோட்டார் இருக்கும் மாடலா என்று முதலில் பாருங்கள், இருந்தால் நனைக்கக் கூடாது. ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிடுங்கள். உடல் பகுதியைக் குழாயடியில் பிடிக்கவே கூடாது, ஈரத் துணியாலும் பழைய பல் பிரஷாலும் சக்கரப் பள்ளங்களைத் துடைத்து எடுக்க வேண்டும். எல்லாம் ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு பூட்டுங்கள்.

சிறுநீர் இதைவிட மோசம், ஏனென்றால் கண்ணில் படாது. திரவம் உறிஞ்சு வழியாக மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தால் துரு பிடிக்கும். ரோபோ ஓடிய வழியில் ஈரக்கோடு தெரிந்தால் உடனே நிறுத்திப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

பிராணிகளைப் பழக்குவதில் அவசரம் வேண்டாம். முதல் மூன்று நாள் ரோபோ அணைந்தபடியே கூடத்தில் கிடக்கட்டும்; மோந்து பார்த்துச் சலித்துப் போகட்டும். பிறகு நாயை வேறு அறையில் வைத்து, ஓசை மட்டும் கேட்கும்படி ஐந்து நிமிடம் ஓட்டுங்கள், கையில் பிஸ்கட்டோ வேகவைத்த கோழித் துண்டோ இருக்கட்டும். அடுத்த வாரம் ஒரே அறையில், கயிற்றில் பிடித்தபடி. பயந்த நாயை ரோபோவின் பக்கம் இழுத்துக்கொண்டு போய் "ஒண்ணுமில்லடா" என்று காட்டுவது பயத்தைக் கூட்டும். நீளமான வால்முடி உள்ள நாய் படுத்துத் தூங்கும்போது பக்கப் பிரஷ் அந்த முடியைப் பிடித்து இழுக்கும். தூங்கும் நாயிருக்கும் அறையில் ஓட்டாதீர்கள். கீழே உட்கார்ந்து காய் நறுக்கும் அப்பாயி எழுந்து நடக்கும் நேரத்திலும் ஓட்டக் கூடாது. காலடியில் வரும் தாழ்வான கறுப்பு வட்டம் வயதானவர்களைத் தடுக்கிவிடும்.

மின்சாரச் செலவு பயப்படும்படி இல்லை. 14.4 வோல்ட், 5200 மி.ஆம்ப். மணி பேட்டரியில் சேர்வது 75 வாட் மணி. வீணாவதையும் சேர்த்து ஒரு முழு சார்ஜுக்கு யூனிட்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு. இடி மின்னலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ரோபோ வந்து நின்று சார்ஜ் ஆகும் இடம், அதன் குப்பையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் பெரிய டாக் என்றால், உறிஞ்சும் அந்தச் சில நொடிகளில் பல நூறு வாட் இழுக்கும். சிறிய இன்வெர்ட்டர் லைனில் அதை மாட்டினால் ட்ரிப் ஆகும். டாக்கில் உள்ள குப்பைப் பையை அறுபது நாளுக்கு ஒரு முறை மாற்றினால் போதும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், அது முடி கொட்டும் பிராணி இல்லாத வீட்டுக் கணக்கு. கார்த்திகை ஈரத்தில் பை முடை நாற்றம் எடுக்கும் முன், இரண்டு மூன்று வாரத்தில் மாற்றுங்கள்.

சீப்பு செய்யும் வேலையை ரோபோவால் செய்ய முடியாது. வாரம் மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம், கொல்லையில் வைத்து, காற்று வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போகும்படி நின்று சீவுங்கள். குட்டை முடிக்கு ரப்பர் குமிழ் பிரஷ், இரட்டைப் போர்வைக்கு உள்முடியைக் கோதும் அகலப் பல் சீப்பு. குளிப்பாட்டும் நாளில் முதலில் சீவிவிட்டுத்தான் தண்ணீர். வெயில் தாங்காது என்று ஸ்பிட்ஸையும் லாப்ரடாரையும் மொட்டை அடிக்காதீர்கள். அந்தப் போர்வைதான் வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது, வழித்த பிறகு சில நாய்களுக்குப் பழையபடி வளர்வதும் இல்லை. சோபாவில் ஒட்டிய முடிக்குச் சமையலறை ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் தேயுங்கள், உருண்டையாகத் திரண்டு வரும்.

குப்பைப் பெட்டியைத் தினமும் காலி செய்பவருக்குத் தன் நாயின் வழக்கமான உதிர்வு எவ்வளவு என்று கைக்கே தெரிந்துவிடும். திடீரென்று அது இரட்டிப்பானால், முடி வேரோடு கொத்தாக வந்தால், சோற்றில் விழும் மிளகுப் பொடி போலக் கறுப்புத் துகள்கள் இருந்தால் நின்று பாருங்கள். அந்தத் துகளை ஈரப் பஞ்சில் வைத்து நசுக்கினால் செங்காவி நிறம் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். அப்போது ரோபோவைத் தினமும் ஓட்டுவது உதவும், தெள்ளுப்பூச்சியின் முட்டைகள் தரையில்தான் உதிர்ந்து கிடக்கும். ஆனால் பெட்டியை வீட்டுக்குள் திறக்காமல் வெளியே கொண்டுபோய், கவரில் கொட்டி முடிச்சுப் போட வேண்டும். சுவர் வெடிப்பில் ஏறிக்கொள்ளும் உண்ணிக்கு இது போதாது; நாய்க்கு மருந்தும் வெடிப்புக்குப் பூச்சும் தேவை.

வட்ட வட்டமாக முடி கொட்டித் தோல் தெரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம். உதிர்ந்த முடியிலேயே அதன் வித்துகள் இருக்கும், மனிதருக்கும் தொற்றும். அந்த நாளே ரோபோவை நிறுத்திவிட்டு, நாயைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தஞ்சாவூர் மாவட்டத்து ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஃபில்டரையும் பையையும் கவரில் கட்டி அகற்றுங்கள், கழற்ற முடிந்த பாகங்களைக் கழுவிக் காயவையுங்கள். தொற்று நீங்கியது என்று மருத்துவர் சொல்லும்வரை தரையை ஈரத் துணியால் கையாலேயே துடைத்து, துணியை வெந்நீரில் அலசுங்கள். அதன் பிறகு புது ஃபில்டர் போட்டு, ஃபேனை நிறுத்தி, பழையபடி ஓடவிடலாம்.